சுவரைப் பார்த்து வைத்த பெட்டி

அலுவலகத்தின் திரையில் என் பெயர் ரோவெனா அல்ல,
காலை எட்டுப் பத்து.
கதவருகே ஒட்டிய வில்லையில் கைப்பேசியை ஒற்றியதும்
கடிகாரம் கிளம்பிவிடும்.
பதினைந்து நிமிடம்.
எழுப்பி, துடைத்து, உடை மாற்றி,
மாத்திரை கொடுத்து, ரொட்டி வாட்டி,
மிச்சமிருந்தால் இரண்டு வார்த்தை.
ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவிலுள்ள சாலைக்குச்
சம்பளம் கிடையாது.
அந்தச் சாலையில்தான் நான் சாப்பிடுகிறேன்.

ஃப்ளீட்வுட்டின் ஜனவரிக் காற்று
கடலிலிருந்து நேரே வந்து
சாவித் துவாரத்தில் வாய் வைத்து ஊதும்.
மிஸஸ் த்ரெல்ஃபால் கையுறையோடு தூங்குகிறார்,
முட்டை வெந்த தண்ணீரிலேயே தேநீர் போடச் சொல்கிறார்.
அடுத்த தெருவில் ஒருவர்
போர்வைக்குள் இருந்தபடியே பல் துலக்குகிறார்.
ஒன்பது வீடுகளில்
நான் கோட்டைக் கழற்றும் ஒரே வீடு
மிஸ்டர் கார்ட்மெல்லுடையது.
நுழைந்ததுமே கதகதப்பு.
கையில் பணம் இருக்கிறது போல என்று
கொஞ்சம் பொறாமையாகக்கூட நினைத்திருக்கிறேன்.

மின்சாரக் கணக்குக் காட்டும் சிறு பெட்டியை
அவர் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பார்.
"முறைக்கிறது அது" என்பார்.

செவ்வாய்க்கிழமை,
அவருடைய கண்ணாடியைத் தேடும்போது
கை பட்டு அது விழுந்தது.
எடுத்தேன். எரிந்தது திரை.
வாரம் முழுக்க ஒரே தரையாகக் கிடந்தது கோடு.
நாளுக்கு நான்கு இடத்தில் மட்டும்
எழுந்து நின்றன கம்பிகள்.
எட்டு மணி. பன்னிரண்டரை.
ஐந்து. எட்டேகால்.

என் நேரங்கள்.

ஞாயிறு மதியக் கம்பி மட்டும் அகலமாயிருந்தது.
அன்று என் கார் கிளம்பவில்லை,
நாற்பது நிமிடம் பிந்தினேன்.
ஆளில்லாத என் நாற்காலிக்குப் பக்கத்தில்
நாற்பது நிமிடமும் அந்த ஹீட்டர் எரிந்திருக்கிறது.

அவர் என்னைப் பார்க்கவில்லை, ரொட்டியைப் பார்த்தார்.
"இருபத்தாறு வருஷம் மீன்பிடிக் கப்பலில் சமையல்காரன் நான்.
ஐஸ்லாந்துக்கு அந்தப் பக்கம்
கயிற்றில் படிந்த பனியைக் கோடாலியால் உடைப்பார்கள்.
மேலே எப்படியும் இருக்கட்டும்,
என் அடுப்படிக்கு இறங்கி வருகிறவனுக்கு
சூடு இருக்க வேண்டும். அவ்வளவுதான்."

வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது.
சொன்னால்
நாளுக்கு அந்த ஒரு மணி நேரமும் அவருக்குப் போய்விடும்.
சொல்லாவிட்டால் பில்.
பெட்டியைத் துடைத்து
மறுபடி சுவரைப் பார்த்து வைத்தேன்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
ரொட்டி பாதி. மாத்திரை முழுதும்.
அறை வெப்பம் சரி.

அதற்குப் பிறகு
தேவைக்கு மேலேயே நெற்றியைத் துடைத்துக்கொள்கிறேன்,
"அடேயப்பா, சுடுகிறது" என்கிறேன்,
அவருக்கு முகம் நிறைந்துவிடுகிறது.
கார் ஹீட்டரை நான் போட்டு மூன்று வாரம்.

நேற்று ஒரு கடிதம் வந்திருந்தது.
வாசி என்று நீட்டினார்.
வாசித்தேன்: எங்கள் நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகவில்லையாம்,
மார்ச்சிலிருந்து இந்தத் தெருக்களை
நகராட்சியிடமே திருப்பிக் கொடுக்கிறார்களாம்.
வேறு யாரோ வருவார்கள்,
ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது,
சிரமத்துக்கு வருந்துகிறார்கள்.

நீ எங்கே போவாய் என்று கேட்பார்,
அல்லது திட்டுவார் என்று நினைத்தேன்.
பதிலும் தயாராக வைத்திருந்தேன்.
அவர் ரொட்டித் துணுக்குகளை
விரலால் ஒரு பக்கமாகக் கூட்டினார்.

"எத்தனை மணிக்கு வருவார் என்று
போட்டிருக்கிறதா?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெறுமை.
எட்டு இருபத்தைந்து ஆகியிருந்தது,
கோட்டின் கையில் கை நுழையவில்லை.